வர்மம் 108: எண்ணிக்கையும் அவசர உதவிக்கான உடற்கூறும்

அடியோ குத்தோ பட்டால் உயிருக்கோ உறுப்புக்கோ ஊறு நேரும் இடமே வர்மம். தமிழ் வர்ம ஏடுகள் இவ்விடங்களை 108 என்கின்றன. கன்னியாகுமரி முதல் தென்காசி வரையுள்ள பகுதியின் ஆசான்கள் அடிமுறையையும் முறிவுக்குக் கட்டுப்போடும் வைத்தியத்தையும் சேர்த்தே கற்பித்தனர். விழுந்தவனையும் அடிபட்டவனையும் முதலில் தொட்டவர்கள் அவர்களே. ஆகவே அவர்களிடம் இருந்த உடற்கூற்று அறிவை முதலுதவியின் உடற்கூறு என்றே கொள்ளலாம். இந்த 108 உடலைப் பார்த்து எண்ணியதால் வந்ததா, முன்பே வழங்கிய எண்ணுக்கு உடலைப் பொருத்தியதால் வந்ததா என்பதே இங்கு ஆராயப்படுவது.

பழைய இந்திய உடற்கூற்று எண்களை எப்படி வாசிப்பது என்பதற்கு வழி வகுத்தவர் ருடால்ஃப் ஹொர்ன்லே. 1907இல் ஆக்ஸ்போர்டில் வெளிவந்த அவருடைய எலும்பியல் ஆய்வு, ஆயுர்வேத ஆசிரியர்களான சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோரின் எலும்புப் பட்டியல்களை ஒப்பிட்டு, ஏடெழுதியோரால் சிதைந்த பாடங்களை மீட்டமைக்க முயன்றது. அவருடைய அடிப்படைக் கருத்து எளியது: இந்த எண்கள் உடலை அறுத்துப் பார்த்தவர்களின் எண்கள், பொருந்தாத இடத்தில் பிழை ஏட்டினுடையது. வேள்வி நூலான சதபத பிராமணமும் மனித எலும்புகள் 360 என்று கூறுவதால், அந்நூலாசிரியர் மருத்துவரின் எலும்புக் கணக்கை அறிந்திருந்தார் என்று கொண்டு, சரக, சுசுருத மரபுகளைக் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்குப் பிற்படாதவை என அவர் வாதிட்டார்.

இங்கேதான் அவருடைய வாசிப்பு இடறுகிறது. சதபத பிராமணத்தில் 360 தனியாக வரவில்லை. வேள்வி மேடையைச் சூழும் கற்கள் 360, ஆண்டின் இரவுகள் 360, எலும்புகள் 360 என்று ஒரே வரிசையில் அது வருகிறது. அங்கே உடல் ஆண்டின் மறுவடிவம். மருத்துவரின் கணக்கை வேள்வி ஆசிரியர் கடன் வாங்கினார் என்பதைவிட, ஆண்டின் கணக்கை மருத்துவர் கடன் வாங்கினார் என்பதே இயல்பாகத் தோன்றுகிறது. சரகரின் பட்டியல் அந்த எண்ணை எப்படி எட்டுகிறது என்று பார்த்தால் ஐயம் வலுக்கும். பற்கள் 32, பற்குழிகள் 32, நகங்கள் 20 ஆகியவற்றையும் எலும்பாகச் சேர்த்த பிறகே 360 வருகிறது. இந்த 84ஐக் கழித்தால் எஞ்சுவது 276. முதலுதவி வகுப்பில் இன்று சொல்லப்படும் 206 என்ற எலும்புக் கணக்கு பற்களையும் நகங்களையும் சேர்க்காதது.

சுசுருத சம்ஹிதையின் சாரீரப் பகுதியில் ஒரு குறிப்பு உண்டு. எலும்புகளை 360 என்போர் வேதவாதிகள் என்றும், அறுவை நூலில் அவை 300 மட்டுமே என்றும் அது பிரித்துச் சொல்கிறது. ஹொர்ன்லே இந்த வேதவாதிகளைப் பொது மருத்துவ ஆசிரியர்கள் என்று கொண்டார். வேதம் என்பது ஆயுர்வேதத்தின் சுருக்கம் என்பது அவர் வாதம். சரகரும் 360 என்றே கூறுவதால் இது அடிப்படையற்ற பொருள்கோள் அன்று. ஆயினும் சொல்லின் நேர்ப்பொருள் வேதம் ஓதுவோரையே குறிக்கிறது; சதபத பிராமணத்தின் சான்றும் அதற்கு அருகிலேயே நிற்கிறது. அறுவை மருத்துவர் ஒருவர், வேள்வி மரபின் எண்ணிலிருந்து தம் எண்ணைப் பிரித்துக் காட்டும் இடமாக இதை வாசிப்பதே பொருத்தம். அவருடைய 300ம் கைகால்களில் 120, உடற்பகுதியில் 117, கழுத்துக்கு மேல் 63 என்று முழு நூறுகளில் வந்து முடிகிறது. அந்த எண்ணும் எண்ணிப் பார்த்ததால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

இந்த ஐயத்தோடு தமிழ் வர்மத்துக்கு வந்தால், அங்கே ஒரே கூட்டுத்தொகை மூன்று விதமாகப் பகுக்கப்படுகிறது. கடுமையை வைத்து: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தோஷத்தையும் தன்மையையும் வைத்து: வாத வர்மம் 64, பித்த வர்மம் 24, சிலேத்தும வர்மம் 6, உள் வர்மம் 6, தட்டு வர்மம் 8. இடத்தை வைத்து: தலை முதல் கழுத்து வரை 25, கழுத்து முதல் நாபி வரை 45, நாபி முதல் மூலம் வரை 9, கைகளில் 14, கால்களில் 15. மூன்றும் பிசகாமல் 108ஐ எட்டுகின்றன. பகுப்பு மாறியும் தொகை அசையாமல் நிற்பதால், முதலில் நிலைபெற்றது தொகையே என்று கருத இடமுண்டு.

தொடுவர்மத்தின் 96, சித்த மரபின் தத்துவங்கள் 96 என்பதோடு ஒத்துப்போகிறது. பத்து நாடி, பத்து வாயு, ஆறு ஆதாரம் எல்லாம் அந்த 96க்குள் அடங்கியவை. இந்த உடற்கோட்பாடு வைத்தியருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பாம்பாட்டிச் சித்தரின் சமாதி என வழிபடப்படும் இடம் சங்கரன்கோவிலில் உண்டு. அவர் பெயரில் வழங்கும் பாடல்களின் பாம்பைக் குண்டலினியாகக் கொள்வது மரபு. கோமதியம்மன் கோயில் புற்றுமண்ணைத் தோல் நோய்க்குப் பூசும் அவ்வூரில், ஆதாரங்களும் நாடிகளும் கொண்ட உடல் வழிபாட்டுக்கும் மருந்துக்கும் பொதுவானது. அந்தச் சூழலில் பயின்ற ஆசானுக்கு 96 என்ற சட்டம் கைவசம் இருந்திருக்கும். 64 கலைகளின் எண் என்பதையும், 24 ஆன்ம தத்துவங்களின் எண் என்பதையும் இதனோடு சேர்க்கலாம். ஆனால் இச்சான்று மெலிந்தது. படுவர்மம் 12க்கு இவ்விளக்கம் பொருந்தவே இல்லை. அந்தப் பன்னிரண்டு, உண்மையிலேயே ஆளைச் சாய்த்த அடிகளின் அனுபவப் பட்டியலாக இருக்கக்கூடும்.

சுசுருதரின் மர்மங்கள் 107. தமிழில் ஒன்று கூடியிருக்கிறது, ஆகவே இது அதன் வழிவந்தது என்ற கருத்து பரவலாக உண்டு. இரண்டும் ஒரே முறையில் எண்ணப்படாததால் அந்த ஒப்பீடு நிற்காது. சுசுருதர் ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் 11 என இடமும் வலமும் தனித்தனியே எண்ணிக் கைகால்களுக்கு 44 தருகிறார். தமிழ் ஏடுகள் இருபுறமும் உள்ள இடத்தைப் பெரும்பாலும் ஒரு பெயரால் ஒருமுறையே எண்ணுகின்றன. ஒரே முறையில் எண்ணினால் கைக்கு 11க்கு எதிராக 14, காலுக்கு 11க்கு எதிராக 15 என்றாகும். தசை, நாளம், தசைநார், எலும்பு, மூட்டு என்று அடியிலுள்ள பொருளை வைத்துச் சுசுருதர் செய்யும் பகுப்புக்கு நேரான பகுப்பும் தமிழ் மரபின் இந்த மூன்றில் இல்லை. தொடர்பே இல்லை என்று இதனால் சொல்லிவிட முடியாது. கொடியவற்றைத் தனியே பிரிப்பதும், சாவுக்குக் காலக்கெடு சொல்வதும் இரண்டிலும் உண்டு.

காலம் குறிப்பது கடினம். வர்ம ஏடுகள் அகத்தியர் பெயரில் வழங்குகின்றன. அப்பெயர் காலத்தைக் காட்டாது. பல ஏடுகளின் நடை பிற்காலத்தது. தென் திருவிதாங்கூர்ப் பேச்சின் மலையாளக் கலப்பும் உண்டு. ஆயினும் ஓலைகள் மீண்டும் மீண்டும் படியெடுக்கப்பட்டவை என்பதால், நடையின் காலம் செய்தியின் காலம் ஆகாது. 108 என்ற தொகை எந்த நூற்றாண்டில் நிலைபெற்றது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

எண்ணை ஒதுக்கிவிட்டு இடங்களைப் பார்த்தால் வேறோர் அறிவு தெரிகிறது. திலர்த காலம் புருவங்களுக்கு இடையே; நட்சத்திர காலம் கண்ணின் வெளிக்கோடி; நேர்வர்மம் மார்புக்குழி. ஒவ்வொன்றுக்கும் அடி பட்டால் தோன்றும் குறி, மீட்கத்தக்க கால எல்லை, மீட்பதற்குத் தொடவேண்டிய அடங்கல் ஆகியவை சொல்லப்படுகின்றன. கால எல்லை நாழிகையில் வரும். ஒரு நாழிகை 24 நிமிடம். எது உடனே கொல்லும், எது பொறுக்கும் என்று முதலில் பிரிக்கும் இந்த ஒழுங்கு, மூச்சையும் குருதிப்போக்கையும் முதலில் பார்க்கச் சொல்லும் இன்றைய முதலுதவியின் ஒழுங்குக்கு நெருக்கமானது. காயத்தை நேரே அழுத்திப் பிடிப்பதற்கோ மூச்சு நின்றவருக்கு மார்பை அழுத்துவதற்கோ அடங்கல் மாற்றாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எண்ணுக்குக் கட்டுப்படாத உடற்கூறு தமிழில் அச்சேறியது 1852இல். யாழ்ப்பாணத்தில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், கல்வின் கட்டரின் உடற்கூற்று நூலைத் தமிழாக்கினார். கட்டரின் மூலம் கல்லூரிகளுக்கும் குடும்பங்களுக்கும் என எழுதப்பட்டது. வெட்டுண்ட நாளத்தை முடிச்சிட்ட கைக்குட்டையால் இறுக்கும் முறையை அது படத்துடன் காட்டுகிறது. பாளையங்கோட்டையில் 1964இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் இரண்டு மரபுகளுக்கும் இடமுண்டு. வர்ம ஏடுகள் இடங்களை விரற்கடை அளவால் குறிக்கின்றன. ஒவ்வோர் இடத்துக்கும் கீழே எந்த நாளம், எந்த நரம்பு, எந்த எலும்பு இருக்கிறது என்று அந்த அளவைக் கொண்டு சரிபார்க்க முடியும். அந்தச் சோதனையை முதலில் தொடங்கவேண்டியது, எந்த எண்ணோடும் பொருந்தாத படுவர்மம் பன்னிரண்டிலிருந்து.