'நஷ்டநீடம்': ஓர் இல்லமும் இரு மொழிகளும்

இரவீந்திரநாத தாகூரின் 'நஷ்டநீடம்' என்னும் நெடிய சிறுகதை 1901ஆம் ஆண்டில் 'பாரதி' என்னும் வங்க இதழில் தொடராக வெளிவந்தது. சிதைந்த கூடு என்பது தலைப்பின் பொருள். 1964இல் சத்யஜித் ராய் இதனைச் 'சாருலதா' என்னும் திரைப்படமாக்கினார். மணவாழ்வின் வெறுமையையும் வெளியிடப்படாத வேட்கையையும் கூறும் கதையாகவே இது பெரிதும் பேசப்பட்டு வருகிறது. அவ்வேட்கைக்கும் அக்கால வங்க இல்லத்தின் மொழி வழக்கிற்கும் உள்ள தொடர்பு போதிய அளவு கருதப்படவில்லை.

பூபதி ஆங்கிலச் செய்தித்தாள் நடத்துபவன். சிறுமியாக மணந்த சாரு எப்போது மங்கையானாள் என்பதையும் அவன் கண்டிலன். அவன் கொடியவனல்லன், அவனது கருத்தும் காலமும் ஆங்கிலத்திற்கு உரியவையாயின, அவ்வளவே. சாருவின் உலகமோ வங்கமொழியால் ஆனது. 1849இல் கல்கத்தாவில் பெத்யூன் பள்ளி தோன்றியது. 1863இல் மகளிர்க்கெனப் 'பாமாபோதினி பத்ரிகா' தொடங்கப்பெற்றது. மறைவாக எழுத்தறிந்த இராசசுந்தரி தேவியின் தன்வரலாறு 1876இல் அச்சேறியது. இம்மாற்றங்களின் பயனாகப் படிக்கக் கற்ற பெண்ணுக்கு, படித்ததைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் ஒருவர் தேவைப்பட்டார். சாருவுக்கு அவ்வொருவன் கணவனின் அத்தை மகனாகிய அமல்.

ஈண்டுத் தமிழ் வாசகர் ஒன்றை உளங்கொள்ள வேண்டும். நம் உறவுமுறையில் கணவனின் அத்தை மகன் மனைவிக்கு உடன்பிறந்தான் முறையினன். வங்கத்திலோ அவன் கணவனின் தம்பியாகக் கருதப்படுவான். அண்ணியிடம் கேலியும் உரிமையும் பாராட்ட வழக்கமே இடம் தருகிறது. இவ்வேறுபாட்டை விளக்காத மொழிபெயர்ப்பு கதையின் முடிச்சையே அவிழ்த்துவிடும் என்பது எம் கருத்து. அனுமதிக்கப்பட்ட கேலியினுள் ஒளிந்திருப்பதனாலேயே சாருவின் அன்பு அவளுக்கே நெடுநாள் புலப்படவில்லை.

இருவருக்கு மட்டுமே உரியதாக அவள் எண்ணியிருந்த எழுத்தை அமல் இதழில் வெளியிட்டபோது அவள் அடைந்த துயரமே அதன் முதல் அறிகுறி. பிறர் புகழும் எழுத்து அவளுக்கு வேண்டியதாக இல்லை. பின்னர் அவளும் எழுதினாள். திறனாய்வாளர் அவளையே உயர்த்திப் பேசினார். அதனால் மகிழ்ச்சி விளையவில்லை. ஒரு பெண்ணின் மறைவான எழுத்தைப் பற்றிய இக்கதையை வெளியிட்ட 'பாரதி'க்கு அவ்வாண்டில் ஆசிரியராக இருந்தவர் சரளா தேவி என்னும் பெண்மணியே என்பது சுவையான செய்தி.

அமல் மணம் புரிந்து இங்கிலாந்து சென்றபின், சாரு தன் நகையைக் கொடுத்துப் பணம் பெற்று மறைவாகத் தந்தி அனுப்புகிறாள். மறுமொழித் தந்தி பூபதியின் கையில் சேர்கிறது. செய்தித்தாளை இழந்த பூபதி, மனைவிக்காக வங்கமொழியில் எழுத முயன்றதும் பயன்தரவில்லை. அவளது மொழிக்கு அவன் வந்து சேர்ந்தபோது அங்கே வேறொருவனின் நினைவே நிறைந்திருந்தது.

இறுதியில் மைசூரில் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியப் பணி அவனுக்குக் கிடைக்கிறது. தன்னையும் உடன் அழைத்துச் செல்லுமாறு சாரு வேண்டுகிறாள். அவன் தயங்குகிறான். அத்தயக்கத்தின் காரணத்தை அவள் உணர்ந்துகொள்கிறாள். பின்னர் அவன் வருமாறு அழைக்கும்போது, வேண்டாம் என்னும் பொருள்பட ஓரிரு சொற்களே கூறி நின்றுவிடுகிறாள்.