ஒரு குழாயைச் சரிசெய்யப் போய் மூழ்கிய கப்பல்

கப்பல் என்றால் தண்ணீர் உள்ளே வராத பெட்டி. ஆனால் அந்தப் பெட்டியின் பக்கச் சுவரில் மனிதன் தானாகவே ஓட்டை போடுகிறான். காற்றுக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று, பீரங்கிக்கு ஒன்று, தண்ணீர் எடுக்கும் குழாய்க்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மூடியும் இருக்கிறது. அந்த மூடியை எப்போது மூடுவது, மூடச் சொல்வது யார் என்பதில்தான் வரலாறு பல முறை வழுக்கி விழுந்திருக்கிறது. அதில் ஒரு விழுகையை இங்கே பார்ப்போம்.

இங்கிலாந்தின் ஊலிச் கப்பல் தளத்தில் 1756-ல் ராயல் ஜார்ஜ் என்ற போர்க்கப்பல் கடலில் இறக்கப்பட்டது. 100 பீரங்கிகள். அன்றைய தேதியில் உலகத்திலேயே பெரிய போர்க்கப்பல் அதுதான். 1759-ல் பிரெஞ்சுக் கடற்படையைத் தோற்கடித்த கிபெரான் வளைகுடாப் போரில் அட்மிரல் ஹாக்கின் தலைமைக் கப்பலாக இருந்ததும் இதுவே.

இருபத்தாறு வருடங்கள் கழித்து, 1782 ஆகஸ்ட் 29. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு வெளியே ஸ்பிட்ஹெட் என்ற இடத்தில் கப்பல் நங்கூரமிட்டு நிற்கிறது. ஸ்பெயினும் பிரான்சும் முற்றுகையிட்டிருந்த ஜிப்ரால்டருக்கு உதவி கொண்டுபோக வேண்டிய அவசரம். புறப்படும் நேரத்தில் ஒரு சின்னப் பிரச்சினை. கப்பலைக் கழுவக் கடல் நீர் எடுக்கும் குழாய் ஒன்று பழுது. அதன் வாய் வலது பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது.

முறையாகச் செய்வதென்றால் கப்பலை உலர் தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு நாளும் ஆகும், செலவும் ஆகும். அதனால் அந்தக் காலத்தில் வழக்கமாக இருந்த குறுக்கு வழியைப் பிடித்தார்கள். இடது பக்கத்துப் பீரங்கிகளைத் துளைகளின் வழியே வெளியே தள்ளி, வலது பக்கத்துப் பீரங்கிகளைத் தளத்தின் நடுவுக்கு இழுத்தார்கள். பாரம் ஒரு பக்கம் போனதும் கப்பல் இடது புறம் சாய்ந்தது, வலது புறம் உயர்ந்தது. குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே வந்தது. தச்சர்கள் வேலையை ஆரம்பித்தார்கள்.

கணக்கு சரிதான். ஆனால் ஒரு பக்கம் உயர்ந்தால் மறுபக்கம் தாழும் இல்லையா? இடது பக்கத்துக் கீழ்த்தளப் பீரங்கித் துளைகள் எல்லாம் திறந்தே கிடந்தன, அவற்றின் விளிம்பு நீர்மட்டத்தை நெருங்கிவிட்டது. அதே நேரத்தில் லார்க் என்ற சிறு கப்பல் அந்தத் தாழ்ந்த பக்கமே வந்து நின்று ரம் பீப்பாய்களை ஏற்ற ஆரம்பித்தது. ஏற்கெனவே சாய்ந்த பக்கத்தில் இன்னும் பாரம்!

அலை ஒவ்வொன்றும் துளை வழியாகக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட்டுப் போனது. உயிர் தப்பிய மாலுமி ஜேம்ஸ் இங்ரம் பின்னாளில் சொன்ன விவரப்படி, கப்பலின் தச்சர் காவல் பொறுப்பில் இருந்த லெப்டினன்டிடம் போய், கப்பலை நிமிர்த்த வேண்டும் என்று சொன்னார். காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது முறையும் போனார். இன்னும் கடுமையான பதில்தான் கிடைத்தது. கடைசியில் நிமிர்த்தச் சொல்லி உத்தரவு வந்தபோது நேரம் கடந்துவிட்டது. சில நிமிடங்களில் கப்பல் புரண்டு மூழ்கியது.

கரைக்குப் பக்கத்தில், அமைதியான கடலில், பகல் வெளிச்சத்தில் நடந்தது இது. புறப்படும் கப்பல் என்பதால் மாலுமிகளை வழியனுப்ப மனைவிமார்களும் குழந்தைகளும் வந்திருந்தார்கள். பொருள் விற்க வந்த வியாபாரிகளும் இருந்தார்கள். இறந்தவர்கள் எண்ணூறுக்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள். வந்துபோனவர்களுக்குப் பதிவேடு இல்லாததால் சரியான எண்ணிக்கை இன்றுவரை இல்லை. அட்மிரல் கெம்பன்ஃபெல்ட்டும் மாண்டார்.

அடுத்து வந்தது விசாரணை. கேப்டன் வாக்ஹார்ன் உயிர் பிழைத்திருந்தார். செப்டம்பரிலேயே ராணுவ நீதிமன்றம் கூடியது. கப்பலின் மரம் உள்ளுக்குள் அழுகிப் போயிருந்தது, அதனால் சட்டத்தின் முக்கியமான பாகம் ஏதோ விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று சொல்லி அனைவரையும் விடுவித்தது. மரம் அழுகியிருந்தது பொய்யில்லை. ஆனால் அழுகிய மரத்தின் மேல் பழி போட்டால் எந்த மனிதனும் பதில் சொல்ல வேண்டியதில்லை. திறந்திருந்த துளைகள், தச்சரின் எச்சரிக்கை ஆகியவை பற்றிய வாதம் அதன் பிறகும் ஓயவில்லை. லண்டனில் லாயிட்ஸ் காப்பிக் கடையில் கூடும் காப்பீட்டு வியாபாரிகள், விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் நிதி திரட்டினார்கள்.

கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1830-களில் டீன் சகோதரர்கள் தாங்கள் உருவாக்கிய முக்குளிப்புக் கவசத்தோடு ராயல் ஜார்ஜில் இறங்கிப் பீரங்கிகளை மேலே எடுத்தார்கள். அந்த நாட்களில், 1836-ல், பக்கத்திலேயே மீனவர் வலை சிக்கிய இடத்தில் இன்னொரு பழைய கப்பலைக் கண்டார்கள். அதுதான் எட்டாம் ஹென்றியின் மேரி ரோஸ். 1545-ல் போரின் நடுவே ஒரு பக்கம் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கித் துளைகள் வழியே தண்ணீர் புகுந்து மூழ்கியது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் கருத்து. ஒரே கடல், ஒரே மாதிரி ஓட்டை, நடுவில் 237 வருடங்கள்!

பீரங்கித் துளை போய் வட்டக் கண்ணாடி சன்னல் வந்த பிறகும் பாடம் மாறவில்லை. டைட்டானிக்கின் தங்கை பிரிட்டானிக் 1916-ல் ஏஜியன் கடலில் கண்ணிவெடியில் மோதியது. மருத்துவமனைக் கப்பலாக இருந்ததால் வார்டுகளுக்குக் காற்று வர வேண்டும் என்று கீழ்த்தளச் சன்னல்களைத் திறந்து வைத்திருந்தார்கள். சாய்ந்ததும் அவை வழியே கடல் உள்ளே வந்தது. ஐம்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. இறந்தவர்கள் 30 பேர்.

இன்றைய சிறு பாய்மரப் படகுகளிலும் திறந்து மூடும் சன்னல்கள் உண்டு. வெயிலில் ரப்பர் இறுகி, ஓரத்தில் தண்ணீர் கசியும். பலரும் திருகை இன்னும் இறுக்குவார்கள், சட்டம் வளைந்து கசிவு அதிகமாகும். இல்லையென்றால் வெளியே பசையைப் பூசுவார்கள், தண்ணீர் வேறு வழியாக வரும். ரப்பரை மாற்ற வேண்டும், சட்டத்தைக் கழற்றிப் புதிதாகப் பதிக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. ஆனால் வேறு வழியில்லை.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள் நம் பெரியவர்கள். ராயல் ஜார்ஜில் அணை புதிதாகப் போட வேண்டியதே இல்லை. மூடிகள் துளைக்குத் துளை தொங்கிக்கொண்டுதான் இருந்தன. வேலை தெரிந்த ஒருவர் வந்து இரண்டு முறை சொல்லவும் செய்தார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.