பெருமூளையின்றிப் பிறந்த மகவும் மருத்துவர் கொண்ட முடிபும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, அறிவும் உணர்வும் பெருமூளையின் புறணியிலேயே உறைகின்றன என்னுங் கொள்கை ஐரோப்பிய மருத்துவரிடையே வலுப்பெற்றிருந்தது. ஸ்திராஸ்பூர்க்கில் உடற்றொழிலியற் பேராசிரியராயிருந்த கோல்ட்ஸ் என்பார் ஒரு நாயின் பெருமூளையை அகற்றிப் பதினெட்டு மாதம் அதனைப் பேணி, தாம் கண்டவற்றை 1892ஆம் ஆண்டில் வெளியிட்டார். அந்நாய் நடந்தது, உறங்கி விழித்தது, கிள்ளியபோது உறுமிக் கடிக்க முயன்றது, கொயினா தோய்த்த இறைச்சியை உண்ண மறுத்தது.

நாயின் நிலை இதுவாயின் மனிதனின் நிலை யாது? மனிதரிடத்து இச்சோதனை செய்தல் அறமன்று. இயற்கையே இழைத்துவிட்ட கேட்டினை நோக்கியிருத்தலே மருத்துவர்க்கு இயல்வதாயிற்று. பெருமூளையின்றிப் பிறந்து மூன்றேமுக்கால் ஆண்டு வாழ்ந்த ஒரு குழந்தையைப் பற்றி எடிங்கர், பிஷர் என்னும் செருமானியர் இருவர் 1913இல் எழுதினர். அக்குழந்தை பெரும்பாலும் உறங்கியே கிடந்தது. தாயை அறிந்ததாகவுந் தோன்றவில்லை. நாய் இழந்ததினும் மனித மகவு இழந்தது பெரிதென்றும், உயிரினம் உயருந்தோறும் மூளையின் தொழில்கள் புறணியை நோக்கி ஏறுகின்றன என்றும் கொள்ளப்பட்டது. ஒரே குழந்தையின் வரலாற்றின்மீது இத்துணைப் பெரிய முடிபினை ஏற்றியது அவசரமே. 1926இல் கம்பர் என்பார் (கவிச்சக்கரவர்த்தியல்லர், ஒஸ்திரிய மருத்துவர்) நடுமூளைக்கு மேல் ஏதும் செவ்வனே வளராத ஒரு சிசுவை ஆராய்ந்தார். சில மாதங்களே வாழ்ந்த அச்சிசு பாலுறிஞ்சியது, அழுதது, கொட்டாவி விட்டது, சோம்பல் முறித்தது. இவற்றையெல்லாம் மருத்துவவுலகு வெறும் மறிவினை என்றே ஒதுக்கிற்று.

புறணி இல்லையேல் உணர்வுமில்லை என்பது இவ்வாறு ஐயத்துக்கு அப்பாற்பட்டதாயிற்று. அதன் விளைவு ஏட்டளவில் நிற்கவில்லை. மண்டையோட்டின் மேற்பகுதியும் பெருமூளையுமின்றிப் பிறக்கும் சிசுக்கள் உயிரோடிருக்கையிலேயே அவற்றின் உறுப்புகளைப் பிறர்க்கு எடுத்தல் தகும் என அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் அறநெறிக் குழு 1995இல் கருத்து வெளியிட்டது. அவற்றுக்கு உணர்வில்லை என்பது உறுதிதானா என்ற வினா எழவே, அவ்வாண்டிலேயே அக்கருத்து நிறுத்திவைக்கப்பட்டது.

1999இல் ஷூமன் என்பாரும் அவர்தம் துணைவரும், பெருமூளைப் புறணி முற்றாகவோ ஏறத்தாழ முற்றாகவோ இல்லாத நான்கு பிள்ளைகளைப் பற்றி எழுதினர். அவர்களின் வயது ஐந்து முதல் பதினேழு வரை. அப்பிள்ளைகள் பழகியவரையும் அயலாரையும் பிரித்தறிந்தனர். சில இசைகளை விரும்பினர். சூழ்நிலைக்கேற்ப மகிழ்ச்சி காட்டினர். உணர்வில்லை என்று முன்னரே தீர்மானித்து, பேச்சும் தொடுகையுமின்றிக் கிடத்தப்பட்ட மகவு உணர்வைக் காட்டாதிருத்தல் வியப்பன்று என்பது அவர்கள் வாதம். எடிங்கரின் குழந்தையையும் இவ்வாதத்தின் ஒளியில் மீள நோக்குதல் வேண்டும்.

எஞ்சியுள்ள சிறு புறணித் துண்டுகளே இவற்றைச் செய்கின்றன என மறுப்போர் உளர். மெர்க்கர் என்பார் 2007இல் அதற்கு விடை கூறினார். இத்தகைய பிள்ளைகளிடத்துப் பார்வைக்குரிய பிடரிப் புறணியே பெரும்பாலும் சிறிது எஞ்சும். செவிப்புலப் புறணி அதனினும் அழிந்திருக்கும். ஆயினும் அவர்கள் காண்பதிலும் நன்றாகக் கேட்கின்றனர்.