பார்வை நரம்பு அழற்சியும் தண்டுவட மரப்பு நோயும்

பார்வை நரம்பு அழற்சி என்பது விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்லும் நரம்பில் ஏற்படும் அழற்சி ஆகும். பெரும்பாலும் ஒரு கண்ணில், சில நாட்களுக்குள் பார்வை மங்கும். கண்ணை அசைத்தால் வலிக்கும். சிவப்பு நிறம் வெளிறித் தெரியும். சில வாரங்களில் பலருக்குப் பார்வை திரும்பிவிடுவதால், கண்ணோடு முடிந்துபோன நோயாகவே அது தோன்றும். அப்படி முடியாத சிலருக்கு ஆண்டுகள் கழித்துத் தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) வருகிறது.

இத்தொடர்பு முதலில் பதிவானது ஒரு நோயாளியின் நாட்குறிப்பில்தான். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பேரன் ஆகஸ்டஸ் டெஸ்டே (1794–1848), 1822 டிசம்பரில் ஸ்காட்லாந்துக்கு உறவினர் ஒருவரைக் காணச் சென்றார். அவரோ இறந்திருந்தார். இறுதிச் சடங்கு முடிந்த சிறிது நேரத்தில் டெஸ்டேயின் பார்வை மங்கியது. கடிதங்களைப் பிறர் படித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. மருந்தின்றியே பார்வை மீண்டது. 1827இல் இத்தாலியில் இருந்தபோது இரட்டைப் பார்வையும் கால் தளர்ச்சியும் தோன்றின. பின்னாளில் சக்கர நாற்காலியே துணையானது. அவர் வாழ்ந்தபோது இந்நோய்க்குப் பெயரே கிடையாது. பாரிசில் ஷார்கோ இதைத் தனி நோயாக வரையறுத்தது 1868இல். டெஸ்டேயின் குறிப்புகள் நூலாக அச்சேறியதோ 1948இல். எனவே அவருக்கு இருந்தது இந்நோயே என்பது பிற்கால மருத்துவர்களின் கணிப்பு.

1890இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹோஃப், இந்நோயாளிகள் நூறு பேரின் கண்களை ஆராய்ந்து எழுதினார். உடலுழைப்புக்குப் பின் சிலருக்குப் பார்வை தற்காலிகமாக மங்குவதை அவர் கவனித்தார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பார்வை நரம்பு மைய நரம்பு மண்டலத்தின் ஒரு பகுதி. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ளது போன்ற மயலின் உறையே அதன் இழைகளையும் மூடியுள்ளது. அவ்வுறை சிதைந்தால் செய்தி தாமதமாகும். 1972இல் லண்டனில் ஹாலிடே, மக்டொனால்ட், முஷின் ஆகியோர் இத்தாமதத்தை அளந்து காட்டினர். பார்வை தெளிந்த பிறகும் தாமதம் நீடித்தது. குணமானதாக நோயாளி நம்பிய கண்ணில் வடு எஞ்சியிருந்தது என்பதே இதன் பொருள்.

இனி யாருக்கு நோய் வரும் என்பதே கேள்வியாக நின்றது. அமெரிக்காவில் 1988இல் தொடங்கிய ஆய்வு ஒன்றில் 457 பேர் சேர்க்கப்பட்டனர். ஸ்டீராய்டு மருந்தின் பயனைச் சோதிப்பதே அதன் நோக்கம். பிரெட்னிசோன் மாத்திரையை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கண் அழற்சி மீண்டும் வருவது கூடியதென 1992இல் தெரிந்தது. நீண்ட காலக் கண்காணிப்பு அளித்த விடை அதைவிடப் பெரிது. 15 ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தண்டுவட மரப்பு நோய் வந்தது. தொடக்க எம்ஆர்ஐ படத்தில் மூளையில் புண் இல்லாதவர்களில் இது 25 சதவீதம். ஒரு புண்ணாவது இருந்தவர்களில் 72 சதவீதம். ஆக, கண் மங்கிய எல்லோருக்கும் இந்நோய் வருவதில்லை.

நோயை உறுதிசெய்ய 2001இல் வகுக்கப்பட்ட அளவுகோல் மக்டொனால்டின் பெயரையே தாங்கியது. ஆயினும் புண் இருக்க வேண்டிய இடங்களின் பட்டியலில் பார்வை நரம்பு நெடுங்காலம் இடம்பெறவில்லை. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அது ஐந்தாவது இடமாகச் சேர்க்கப்பட்டது.