கப்பற் கணக்கும் குசினிக் கணக்கும்

சென்ற மாதம் றொறன்ரோவிலிருந்து வந்திருந்த பல்கலைக்கழகக் காலத்து நண்பரொருவர், கோடைகாலத்தில் அங்கு ஊர்ச்சங்கத்தினர் நடத்தும் கூழ் விருந்தைப் பற்றிப் பெருமையுடன் சொல்லிக்கொண்டிருந்தார். நண்டு, இறால், கணவாய், பாரை மீன் எனப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பெரிய கிடாரத்திற் காய்ச்சுவார்களாம். பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், "தம்பி, அது வேற சாமான். கூழ் எண்டால் வீட்டில கறி ஒண்டும் இல்லாத நாளில காய்ச்சிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார். நண்பர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனெனில், பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து செய்தி எழுதத் தொடங்கியவன் நான். பருத்தித்துறைக்கு எந்தக் கப்பல் வந்தது, அதில் எத்தனை மூடை அரிசி, எத்தனை மூடை மா, எவ்வளவு சீனி இறங்கியது என்பதெல்லாம் என் குறிப்புப் புத்தகங்களில் இன்றும் உள்ளன. ஆனால் அந்த மூடைகள் வராத நாட்களில் எங்கள் வீட்டில் என்ன சமைக்கப்பட்டது என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. அந்தக் கணக்கு குசினியில் இருந்தது. அதை எழுதிவைத்தவர் எவருமில்லை.

யாழ்ப்பாணக் குடாநாடு ஆறு இல்லாத, சுண்ணக்கல் மீது படிந்த மண். மாரி மழையை நம்பிய ஒரு போக நெல்லே பெரும்பாலும் சாத்தியம். ஆகவே அரிசி எப்போதும் வேறோர் இடத்திலிருந்து வரவேண்டியிருந்தது. வன்னியிலிருந்து, அல்லது கடல் கடந்து. வராத காலத்துக்கான காப்புறுதியாக நின்றது பனை. பழத்தின் களியைப் பாயிற் பரவிக் காயவைத்தாற் பனாட்டு. தின்று எறிந்த கொட்டையைப் பாத்தியில் இட்டாற் கிழங்கு. கிழங்கைப் பிளந்து உலர்த்தினால் ஒடியல்; அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மா மாதக்கணக்கிற் கெடாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை மாற்றி மாற்றி ஊற்றிக் கசப்பைப் போக்கினால்தான் கூழுக்கு உதவும். பொறுமை வேண்டிய வேலை. இல்லாமையை முன்கூட்டியே எண்ணிச் சேமித்த மக்களின் உணவு அது.

அம்மா பிறந்தது 1942ஆம் ஆண்டில். அவ்வாண்டு ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. ஆயினும் சாதாரணக் குடும்பங்களைக் குண்டை விட அதிகம் வாட்டியது பர்மாவின் வீழ்ச்சி. இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி இறக்குமதி. அதிற் பர்மா அரிசியே முதன்மையானது. அது நின்றதும் பங்கீடு வந்தது. 'கூப்பன் அரிசி' என்ற சொல் வந்தது. அரிசி போதாத இடத்திற் கோதுமை மா வந்தது.

அந்த மாவை என்ன செய்வதென்று அம்மம்மாவுக்குத் தெரியவில்லையாம். நனைத்தால் ஒட்டியது; பிட்டுக்கு உதிராது, இடியப்ப உரலில் இறங்காது. பிறகு அக்கம்பக்கத்தில் ஒருவரைப் பார்த்து ஒருவராகக் கற்றுக்கொண்டார்கள்: மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவிக்க வேண்டும், கட்டியானதை உடைத்து அரிக்க வேண்டும். அதன் பிறகு அந்தப் பசைத்தன்மை போய்விடும். அரிசி மாவைப் போல நடந்துகொள்ளும். வேறொரு நாட்டில் பாணுக்காக விளைந்த தானியத்தைப் பிட்டுக்கு வளைத்தெடுத்த தொழில்நுட்பம் இது. நாங்கள் 'அமெரிக்கன் மா' என்று பழகிய அந்த வெள்ளை மாவை இன்றும் லண்டனிலும் பாரிஸிலும் நம்மவர் வீடுகளில் அவித்துத்தான் பிட்டுக்கு எடுக்கிறார்கள். கண்டுபிடித்த பெண்ணுக்கு எந்த ஏட்டிலும் பெயரில்லை.

குசினி விவகாரம் வீதிக்கு வந்தால் மட்டுமே அது வரலாறாகிறது. 1953இல் ஒரு கொத்து கூப்பன் அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டது. ஓகஸ்ட் 12ஆம் திகதி ஹர்த்தால் வெடித்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இது எல்லாப் பாடநூல்களிலும் உண்டு. அந்த விலையேற்றத்தின் பின் எத்தனை வீடுகளில் இரவுச் சோறு கஞ்சியாயிற்று என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை.

எனக்கு நினைவு தெரிந்த முதற் பஞ்சம் 1974. சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியிருந்தது. மிளகாயும் வெங்காயமும் வெளிநாட்டிலிருந்து வராததால் எங்கள் ஊர்த் தோட்டக்காரர்களின் கையிற் பணம் புரண்டது உண்மை. அதே தோட்டக்காரர்களும் விடியுமுன் பாணுக்கு வரிசையில் நின்றார்கள் என்பதும் உண்மை. உலகச் சந்தையிலே தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறியிருந்த காலம். அரிசியை ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோகத் தடை இருந்தது. பருப்பு மறைந்தது. ஆறு வயதுப் பையனாக அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு பாண் வரிசையில் நின்றதும், கிடைக்காமல் திரும்பிய காலையில் மரவள்ளிக் கிழங்கு அவிந்ததும் நினைவிருக்கின்றன. (மரவள்ளி அவிக்கும் நாளில் இஞ்சியை அடுப்புப் பக்கமே விடமாட்டார் அம்மா. இன்றும் அப்படித்தான்.)

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது நான் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தேன். குடாநாட்டிற்கு மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம் என்று தடைசெய்யப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. பத்திரிகைத் தாள் இல்லாமற் கோடு போட்ட கொப்பித் தாளிற் பத்திரிகை அச்சான காலம் அது. அதைப் பற்றி நாங்கள் நிறைய எழுதிவிட்டோம். பத்திரிகைக்காரர்களுக்குத் தங்கள் சிரமத்தை எழுதத் தெரியும்.

குசினியில் நடந்தது வேறு. மண்ணெண்ணெய் விளக்குக்கு மட்டுமே என்றாயிற்று. அடுப்புக்குப் பனைமட்டை, கொக்காரை, பன்னாடை, ஊமல். தீப்பெட்டியை மிச்சம் பிடிக்க அயல்வீட்டிலிருந்து சிரட்டையில் தணல் வாங்கி வருவோம். எண்ணெய் இல்லாததாற் பொரியல் நின்றது. பின்னர் தாளிதமும் நின்றது. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தோம். பீர்க்கங்காயின் தோல் சம்பலாயிற்று. பலாக்கொட்டைகளை மண்ணிற் புதைத்து வைத்து எண்ணி எண்ணி எடுத்தார் அம்மா.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத அந்த ஆண்டுகளில் மிஞ்சியதைக் காப்பதற்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இரவில் மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் விட்டால் காலையில் அது பழஞ்சோறு. சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் போதும். மிஞ்சிய கறிகளையெல்லாம் ஒரே மண்சட்டியிலிட்டு நீர் வற்றும்வரை சூடாக்கினாற் சுண்டங்கறி. அதற்குள் கத்தரிக்காய் எது, மீன் எது என்று எவரும் கேட்பதில்லை. அந்தச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுக் குழைத்து, உருண்டை உருண்டையாக ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். எங்கள் வீட்டிற் பங்கில் எவருக்கும் குறை வந்ததில்லை என்று நான் பல ஆண்டுகள் நம்பியிருந்தேன்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மாலை வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கான மக்கள் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். ஒரு பாடசாலை வகுப்பறையில் மூன்று குடும்பங்கள் தங்கினோம். இரண்டாம் நாள் அம்மா கூழ் காய்ச்சினார். எங்கள் பையிற் கிடந்த ஒடியல் மா, ஒரு குடும்பத்தினரின் ஒரு பிடி அரிசி, மற்றவரின் நெத்தலிக் கருவாடு, வளவிற் பறித்த முருங்கை இலை, அவ்வூர்க்காரர் தந்த பலாக்கொட்டை, புளி, உப்பு, செத்தல் மிளகாய். பதினான்கு பேர் குடித்தோம். பிலாவிலை மடித்துக் குடித்தோம் என்று எழுதினால் அழகாயிருக்கும். உண்மையில் எங்களிடம் இருந்தவை இரண்டு பேணிகள். அவற்றை மாறி மாறிக் கழுவிக் குடித்தோம்.

இப்போது சிலர், தடைக் காலம் நம்மை இயற்கை உணவுக்குத் திருப்பியது, அப்போது நோய் குறைவு என்றெல்லாம் எழுதுகிறார்கள். பால்மா இல்லாமற் கைக்குழந்தையை வைத்திருந்த எந்தத் தாயும் அப்படி எழுதியதை நான் பார்த்ததில்லை. பட்டினியைச் சமாளித்த கெட்டித்தனம் வேறு, பட்டினி வேறு. முன்னையதைப் புகழும் சாக்கில் பின்னையதைச் செய்தவர்களை விடுவித்துவிடலாகாது.

2022இல் தெற்கும் அதைக் கண்டது. எரிவாயுச் சிலிண்டருக்காகக் கொழும்பு மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றார்கள். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. கொழும்பிலுள்ள சக பத்திரிகையாளர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, எண்ணெயில்லாமல் என்னென்ன சமைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டு எழுத முடியுமா என்றார். அம்மா கால் மணி நேரம் பேசினார். முப்பது ஆண்டுகளில் ஒரு பத்திரிகைக்காரர் அவரிடம் குசினியைப் பற்றிக் கேட்டது அதுவே முதற்தடவை, கேட்டவர் நானல்லன்.

நண்பர் போன பின்னர் அன்றிரவு நான் கேட்டேன்: "அம்மா, அந்தப் பள்ளிக்கூடத்தில கூழ் காய்ச்சின நாள் நீங்கள் எப்ப குடிச்சனீங்கள்?"

"எல்லாரும் குடிச்சாப் பிறகு சட்டிக்குள்ள சுடுதண்ணி விட்டுக் கழுவிக் குடிச்சனான். உப்புப் புளி இருந்ததுதானே," என்றார். அதில் அவருக்குச் சொல்லும்படியாக எதுவும் இருக்கவில்லை. நித்திரை வருகிறது என்று படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் புதிய கொப்பி ஒன்று வாங்கினேன். மாலை வேளைகளில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 மாலை எங்கள் குசினியில் இருந்தவை முதற் பக்கத்தில் உள்ளன: அரிசி மூன்று சுண்டு, ஒடியல் மா ஒரு ரின், தேங்காய் நான்கு, பனங்கட்டி ஒரு குட்டான், உப்பு, புளி, அடுப்பிற் பாதி அவிந்த நிலையில் ஒரு சட்டி மரவள்ளி. கடைசியாகச் சொன்னதை மட்டும் கொண்டுவர முடியவில்லை.