குற்றவாளி வராத பழிவாங்கல்: ‘டெத் விஷ்’ படமும் அதன் விமர்சனங்களும்

1

1974 ஜூலையில் ‘டெத் விஷ்’ நியூயார்க் தியேட்டர்களுக்கு வந்தது. இயக்கம் மைக்கேல் வின்னர், கதாநாயகன் சார்லஸ் பிரான்சன். ‘நியூயார்க் டைம்ஸ்’ விமர்சகர் வின்சென்ட் கேன்பி அதை இழிவான படம் என்று எழுதினார். சிக்கலான கேள்விகளைக் கிளப்பிவிட்டு, அவற்றுக்குத் துவேஷமும் அசட்டுத்தனமும் கலந்த எளிய பதில்களைத் தருகிறது என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஆத்திரம் அடங்காமல் சில நாட்களிலேயே இன்னொரு கட்டுரையும் எழுதினார். சிகாகோவில் ரோஜர் ஈபர்ட் கிட்டத்தட்ட ஒரு பாசிச விளம்பரம் என்று சொல்லிக்கொண்டே மூன்று நட்சத்திரம் கொடுத்தார். படம் சொல்லும் சேதி பிடிக்காவிட்டாலும் படம் பிடித்துப்போகிறது என்பதை அவர் மறைக்கவில்லை. தியேட்டருக்குள் உட்கார்ந்திருந்த சனங்களுக்கு இந்தத் தடுமாற்றமெல்லாம் கிடையாது. ஒவ்வொரு வழிப்பறிக்காரனும் சுருண்டு விழும்போது அவர்கள் கைதட்டினார்கள். படம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

விமர்சகரின் ஆத்திரமும் பார்வையாளரின் கைதட்டலும் ஒன்றையொன்று தொடாமலே போய்விட்டன. இது ஏன் என்று கேட்கவேண்டியிருக்கிறது. 50 ஆண்டுகளுக்கு முந்தைய ஓர் அமெரிக்க வணிகப்படத்தைப் பற்றி நமக்கென்ன என்று தோன்றலாம். போலீஸ் என்கவுன்டர் நடந்த மறுநாள் டீக்கடையில் பேச்சைக் கேட்டவர்களுக்கு அப்படித் தோன்றாது. கைதட்டுகிறவனிடம் எப்படிப் பேசுவது என்பது நம்முடைய பிரச்சனையும்தான்.

2

கதை தெரிந்ததுதான். பால் கெர்சி நியூயார்க்கில் ஒரு கட்டடக் கலைஞன். கொரியப் போரில் மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்தவன். மூன்று பேர் அவன் வீட்டுக்குள் புகுந்து மனைவியைக் கொல்கிறார்கள். மகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்குகிறார்கள். மகள் பேச்சிழந்து உறைந்து மனநோய் விடுதிக்குப் போய்ச் சேருகிறாள். வேலை விஷயமாக அரிசோனாவின் டூசான் நகருக்குப் போகும் கெர்சி, அங்கே சுற்றுலாப் பயணிகளுக்காக நடத்தப்படும் கௌபாய் துப்பாக்கிச் சண்டை நாடகத்தைப் பார்க்கிறான். அந்த ஊர்க்காரர் ஒருவர் ஒரு கைத்துப்பாக்கியைப் பரிசாகக் கொடுத்தனுப்புகிறார். நியூயார்க் திரும்பியதும் ராத்திரி ராத்திரியாகப் பூங்காவிலும் சுரங்க ரயிலிலும் இரைபோல நடமாடி, தன்னை மறிக்க வருகிறவர்களைச் சுட்டுத்தள்ளுகிறான். நகரத்தில் வழிப்பறி குறைகிறது. பத்திரிகைகள் கொண்டாடுகின்றன. ஆளைக் கண்டுபிடித்துவிட்ட போலீஸ் கைது செய்யாமல் ஊரைவிட்டுப் போகச் சொல்கிறது. சிகாகோ ரயில் நிலையத்தில் வந்திறங்கியவன், ஒரு பெண்ணிடம் வம்பு செய்த பையன்களைப் பார்த்து விரலைத் துப்பாக்கிபோல நீட்டிச் சிரிப்பதோடு படம் முடிகிறது.

இதில் ஒரு சங்கதியைக் கவனிக்கவேண்டும். மனைவியைக் கொன்ற அந்த மூன்று பேர் கெர்சியின் கண்ணில் படுவதே இல்லை. அவர்கள் யாரென்று அவனுக்குத் தெரியாது, அவன் தேடுவதுமில்லை. முதல் 20, 30 நிமிடங்களுக்குப் பிறகு அவர்கள் கதையைவிட்டே காணாமல் போகிறார்கள். அவனிடம் சாகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் செய்ததும், செய்யவிருந்ததும் வேறு குற்றங்கள். பழிவாங்கும் படம் என்று எல்லோரும் இதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். பழிவாங்கல் என்றால் பழிக்கு உரியவன் ஒருவன் வேண்டுமில்லையா? இங்கே அவன் இடத்தில் ஒரு வகைமாதிரி நிறுத்தப்படுகிறது: தெருவில் நிற்கிறவன், இரவில் திரிகிறவன், கிழிந்த உடுப்போடு ரயிலில் ஏறுகிறவன். தனிமனித துக்கமாகத் தொடங்கும் கதையாடல் ஒரு கூட்டத்தையே களையெடுக்கும் கதையாடலாக மாறுகிறது. இந்த மாற்றம் எந்த இடத்தில் நடந்தது என்று பார்வையாளருக்குத் தெரியாதபடி பார்த்துக்கொண்டதில்தான் படத்தின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

3

மூலப்பிரதி வேறு மாதிரியானது. பிரையன் கார்ஃபீல்டின் நாவல் 1972இல் வந்தது. அவருடைய காரின் துணிக்கூரையை யாரோ கத்தியால் கிழித்துவைத்ததைப் பார்த்து எழுந்த கொலைவெறியும், அந்த வெறி தனக்கா வந்தது என்ற திகைப்பும்தான் நாவலுக்கு வித்து. நாவலின் நாயகன் ஒரு கணக்காளன். சுடச்சுட அவன் சிதைகிறான். சட்டத்தைக் கையில் எடுப்பது ஒரு நோய், எடுத்தவனையே தின்னும் நோய் என்பதுதான் கார்ஃபீல்டின் வாசிப்பு. முதலில் சிட்னி லூமெட் இயக்க, ஜாக் லெம்மன் நடிப்பதாகப் பேச்சிருந்தது. லெம்மனைப் போன்ற நடுங்குகிற நகரத்து மனிதன் கையில் துப்பாக்கி வந்திருந்தால் அரங்கம் பயந்திருக்கும். பிரான்சன் கைக்கு வந்ததும் அது பொருந்திவிட்டது. சண்டைப்படங்களில் ஏற்கனவே வார்க்கப்பட்ட முகம் அது. அந்தக் கை முதல் காட்சியிலிருந்தே துப்பாக்கிக்காகக் காத்திருந்ததுபோல் ஆகிவிட்டது. படம் கார்ஃபீல்டுக்குப் பிடிக்கவில்லை. அதற்குப் பரிகாரம்போல 1975இல் ‘டெத் சென்டன்ஸ்’ என்ற தொடர்நாவலை எழுதினார்.

4

விமர்சகர்கள் என்ன செய்தார்கள்? ‘பாசிசம்’ என்ற சொல் அவர்கள் கைவசம் தயாராக இருந்தது. 1971இல் ‘டர்ட்டி ஹாரி’ வந்தபோதே பாலின் கேல் ‘நியூயார்க்கர்’ இதழில் அதைப் பயன்படுத்திவிட்டார். அதே சொல்லை இந்தப் படத்துக்கும் நீட்டினார்கள். ஹாரி போலீஸ்காரன், கைதிக்கு உரிமை இருக்கிறது என்று சொல்லும் நீதிமன்றத்தோடு மல்லுக்கு நிற்கிறவன். கெர்சி ஒரு சாதாரணக் குடிமகன். அவனுக்கு நீதிமன்றம் என்று ஒன்று இருப்பதாகவே நினைப்பில்லை. ஒரே சொல்லால் இரண்டையும் மூடியபோது இரண்டின் தனித்தன்மையும் மறைந்தது. நாமும் நம்ம பத்திரிகைகளில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் புழங்குகிறோம். அது தவறான சொல் இல்லை. ஆனால் ஏற்கனவே ஒத்துக்கொண்டவர்களிடம் மட்டுமே வேலைசெய்கிற சொல். கைதட்டியவனுக்கு அது ‘நீ கெட்டவன்’ என்றுதான் கேட்கும்.

அவன் பயம் பொய்யுமல்ல. நியூயார்க்கில் 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 500 சொச்சமாக இருந்த கொலைகள் 1970களின் நடுவில் 1,500ஐத் தாண்டியிருந்தன. 1975இல் அந்த மாநகராட்சி திவாலாகும் நிலைக்கே போனது. ஆலைகள் வெளியேறின, வேலைகள் போயின, வெள்ளை நடுத்தர வர்க்கம் புறநகருக்குக் குடிபெயர்ந்தது. பயம் நிஜம். அந்தப் பயத்துக்கு யார் முகம் கொடுக்கிறார்கள் என்பதில்தான் அரசியல் இருக்கிறது. வேலை போனதற்கும் வாடகை ஏறியதற்கும் காரணமானவர்களுக்குப் படத்தில் முகமே இல்லை. அடுக்குமாடிகளைத் திட்டமிடுகிற கட்டடக் கலைஞன் நாயகனாக இருக்கும் படத்தில், நகரம் ஏன் இப்படி ஆனது என்று ஒருவரும் கேட்பதில்லை.

இனப் பிரச்சனையில் படம் உஷாராகவே இருந்தது. வீட்டில் புகுந்தவர்கள் வெள்ளையர்கள். கெர்சியிடம் சாகிறவர்களில் வெள்ளையரும் உண்டு, கறுப்பரும் உண்டு. ‘இதில் இனவெறி எங்கே’ என்று கேட்பதற்கு வசதியாகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கு திரைக்குள்தான். ‘தெருவில் நிற்கிறவன்’ என்ற வகைமாதிரியைத் தியேட்டருக்கு வெளியே எடுத்துப்போன பார்வையாளன் அதற்கு எந்த நிறம் பூசினான் என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது.

அன்றைய விவாதத்தின் மையத்துக்கு வராத இன்னொன்று, பெண்கள். மனைவி செத்துப்போகிறாள்; மகள் பேச்சிழக்கிறாள். கதை தொடங்க அவர்கள் உடல்கள் தேவைப்பட்டன. தொடங்கிய பிறகு அவர்கள் தேவைப்படவில்லை. மகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க அவளுக்கு வாயே வைக்கவில்லை. அவள் பேரில் நடக்கும் எந்தக் கொலையும் அவளுக்குத் தெரியாது. 1982இல் இரண்டாம் பாகம் வந்தபோது அதன் பாலியல் வன்முறைக் காட்சிகள் பிரிட்டனில் வெட்டப்பட்டன. காட்சியை வெட்டினார்கள். பெண்ணுடல் மேல் நடக்கும் கொடுமையை ஆணின் துப்பாக்கிக்கு உரிமமாக்கும் கதைக்கட்டுமானம் அப்படியே இருந்தது. அந்தக் கட்டுமானத்தோடு 1985, 1987, 1994 என்று மேலும் மூன்று பாகங்கள் வந்தன.

5

1984 டிசம்பர் 22 அன்று நியூயார்க் சுரங்க ரயிலில் பெர்னார்டு கெட்ஸ் என்ற வெள்ளையர், தன்னிடம் ஐந்து டாலர் கேட்ட நான்கு கறுப்பு இளைஞர்களைச் சுட்டார். ஒருவர் நிரந்தரமாக முடங்கிப்போனார். பத்திரிகைகள் உடனே ‘டெத் விஷ்’ பேரை எடுத்தன. நகரத்தில் பெரும்பகுதி முதலில் கெட்ஸ் பக்கம்தான் நின்றது. 1987இல் ஜூரி கொலைமுயற்சிக் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது; உரிமமில்லாத துப்பாக்கிக்கு மட்டும் தண்டனை. 1996இல் உரிமையியல் வழக்கில், முடங்கிப்போனவருக்கு 4.3 கோடி டாலர் தரவேண்டும் என்று வேறொரு ஜூரி சொன்னது.

படம் பார்த்துத்தான் அவர் சுட்டார் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது சோம்பேறித்தனம். சுட்ட பிறகு அதைப் புரிந்துகொள்ள ஒரு நகரத்துக்கே தயாராக ஒரு கதை கிடைத்தது என்பதுதான் விஷயம். அந்தக் கதையில் சுடப்பட்டவன் என்ன செய்தான் என்பது முக்கியமில்லை. அவன் எந்த வகை ஆள் என்பதே போதும். கெர்சியின் தோட்டா சம்பந்தமில்லாதவர்கள்மேல் பாய்ந்ததை 1974இல் யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால், 1984இல் அந்தக் கதை இவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்திருக்குமா?

இதே காலத்தில் அரசும் சும்மா இருக்கவில்லை. 1973இல் நியூயார்க் மாநிலம் கடுமையான போதைப்பொருள் சட்டங்களைக் கொண்டுவந்தது. மற்ற மாநிலங்களும் அந்த வழியில் போயின. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறைகளில் சுமார் 2 லட்சம் தண்டனைக் கைதிகள் இருந்தார்கள். 2000களின் முடிவில் 15 லட்சத்துக்கு மேல். கெர்சி தனியாளாகச் செய்ததை அரசு சட்டம் போட்டே செய்தது. அதற்குத் தேவையான பொதுப்புத்தியைத் தயாரித்ததில் இந்தப் படவரிசைக்கும் ஒரு பங்கு உண்டு.

6

படம் இங்கேயும் வந்தது, வேறு வேடத்தில். 1984இல் இந்தியில் ‘ஆஜ் கி ஆவாஸ்’. அதை ஒட்டி 1985இல் எஸ்.ஏ. சந்திரசேகரன் இயக்கி ரஜினிகாந்த் நடித்த ‘நான் சிகப்பு மனிதன்’. நாயகன் கல்லூரி ஆசிரியர். இங்கே குற்றவாளிகளுக்குப் பெயரும் முகமும் உண்டு. சட்டத்தின் ஓட்டை வழியாகத் தப்பிக்கிறவர்கள் அவர்கள். காணாமல் போன குற்றவாளியை நம்மவர்கள் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். கெர்சி மறந்தே போன நீதிமன்றமும் கதைக்குள் வந்தது. ஒரு வகையில் இது அறவியல் திருத்தம். பணக்காரனும் அதிகாரத்தில் உள்ளவனும் தப்பித்துக்கொள்கிறான் என்ற அனுபவம் இங்கே ஏழைபாழைகளுடையது. அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு.

ஆனால் குற்றவாளி யாரென்று பார்வையாளருக்கு முன்னாலேயே காட்டிவிடுவதால் வேறொன்று நடக்கிறது. விசாரணை என்பதே வீண்வேலை என்று ஆகிவிடுகிறது. நாம்தான் பார்த்துவிட்டோமே, இனி சாட்சி எதற்கு, வக்கீல் எதற்கு? பிறகு அந்தத் துப்பாக்கியைக் காக்கிச்சட்டை வாங்கிக்கொண்டது. 2003இல் வந்த ‘காக்க காக்க’வில் என்கவுன்டர் ஒரு வீரசாகசம். நிஜத்தில் யாரும் நமக்கு முன்கூட்டியே குற்றவாளியைக் காட்டுவதில்லை. போலீஸ் கைநீட்டுகிற ஆளைத்தான் நாம் பார்க்கிறோம்.

2019 டிசம்பர் 6 அன்று ஐதராபாத் அருகே, கால்நடை மருத்துவரான இளம்பெண்ணைப் பாலியல் வன்முறை செய்து கொன்றதாகப் பிடிக்கப்பட்ட நான்கு பேர் போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சனங்கள் போலீஸ்மேல் பூ தூவினார்கள். உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் கமிஷனின் அறிக்கை 2022இல் வெளியானது. போலீஸ் சொன்ன மோதல் கதை நம்பத்தக்கதல்ல, வேண்டுமென்றே சுட்டிருக்கிறார்கள், இறந்தவர்களில் மூன்று பேர் சிறுவர்கள், பத்துப் போலீஸ்காரர்கள்மேல் கொலைவழக்கு நடத்தவேண்டும் என்றது. அறிக்கை வந்த அன்று தூவிய பூவை யாரும் திரும்பப் பொறுக்கவில்லை.

2024இல் த.செ. ஞானவேல் இயக்கிய ‘வேட்டையன்’ இதற்குப் பதில்சொல்ல முயன்றது. சிகப்பு மனிதனாக நடித்த அதே ரஜினிகாந்த், இந்தமுறை தவறான ஆளைச் சுட்டுவிடும் போலீஸ் அதிகாரி. வணிகப்படத்துக்குள் ‘ஆள் மாறிவிட்டால்?’ என்ற கேள்வி எழுந்தது சாதாரண விஷயமில்லை. இருந்தாலும் அந்தப் படத்திலும் உண்மையைக் கண்டுபிடித்துத் தருகிறவர் சுட்டவரேதான். சுடப்பட்டவன் வீட்டார் எழுந்து பேசும் கதை நமக்கு இன்னும் வரவேண்டியிருக்கிறது.

7

1974 விமர்சகர்கள் படத்தின் கருத்தியலைச் சரியாகவே அடையாளம் கண்டார்கள். கேன்பி சொன்னதில் தப்பில்லை. அவர்கள் விட்டது, படத்தைப் படத்தின் கணக்கிலேயே விசாரிப்பதை. கைதட்டியவனிடம் ‘நீ பாசிஸ்ட்’ என்று சொல்வதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகள் எளிமையானவை. செத்தவன் யார்? அவன்தான் செய்தான் என்று உனக்கு யார் சொன்னது? செய்தவன் எங்கே போனான்? யார் பேரில் இது நடந்ததோ அந்தப் பெண்ணை யாராவது கேட்டார்களா?

டீக்கடையில் அடுத்தமுறை பேச்சு வரும்போது மனித உரிமை என்று ஆரம்பித்தால் பெஞ்சு காலியாகிவிடும். இந்தக் கேள்விகளோடு ஆரம்பித்தால் ஒருவராவது உட்கார்ந்து யோசிப்பார். பெண்ணை இழந்த வீட்டுக்குப் போய் உட்காருவதும், வழக்கு முடியும்வரை கூட நிற்பதும் அதற்குப் பிறகு நாம் செய்யவேண்டிய வேலை. அந்த வேலையைச் செய்யாதவர்கள் வாயிலிருந்து வந்தால் இந்தக் கேள்விகளுக்கும் மதிப்பிருக்காது.