லேட்டக்ஸ் படலங்களில் பலபடி விரவல்: வெப்பநிலையின் பங்கும் நீலகிரிச் சூழலும்

லேட்டக்ஸ் என்பது நீரில் கரையாமல் மிதக்கும் நுண்ணிய பலபடித் துகள்களின் பால்மம். ரப்பர் மரத்தின் பாலும், சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்டின் பிணைப்புப் பொருளும் இவ்வகையைச் சேர்ந்தவை. நீர் ஆவியாகும்போது துகள்கள் நெருங்கி, நசுங்கி, இடைவெளியின்றி ஒட்டுகின்றன. பிறகு ஒரு துகளின் சங்கிலி மூலக்கூறுகள் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் துகளுக்குள் ஊர்ந்து பின்னிக்கொள்கின்றன. இதுவே பலபடி விரவல். படலத்தின் உறுதி பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறது. குளிர் மிகக் கடுமையாகத் தாக்குவதும் இதைத்தான்.

ஒவ்வொரு பலபடிக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்குக் கீழே சங்கிலிகள் விறைத்து நிற்கும். மேலே போகப் போக இளகி நகரும். பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட்டுக்கு இது சுமார் 105 டிகிரி செல்சியஸ், பாலிபியூட்டைல் அக்ரிலேட்டுக்குச் சுமார் மைனஸ் 54. இந்த இரண்டின் மூலப்பொருள்களையும் தேவையான விகிதத்தில் இணைத்தே அக்ரிலிக் பெயிண்டுகளின் பிணைப்புப் பொருளை உருவாக்குகிறார்கள். இயற்கை ரப்பருக்கு அது மைனஸ் 70-ஐ ஒட்டியது என்பதால், கன்னியாகுமரி ரப்பர் பால் உதகையின் உறைபனியிலும் படலமாகிவிடும். பெயிண்டுக்கு அந்த வசதி இல்லை. குறைந்தபட்சப் படலமாகும் வெப்பநிலை என்ற வரம்புக்குக் கீழே பூசினால் துகள்கள் நசுங்கவே மாட்டா. வற்றிய ஏரிச் சேறு போலப் படலம் வெடித்து, தொட்டால் மாவாக உதிரும்.

இந்த வரம்பைத் தாண்டினால் போதும் என்று எண்ணுவதுதான் பரவலான பிழை. 1955-இல் வில்லியம்ஸ், லாண்டெல், ஃபெர்ரி மூவரும் வெளியிட்ட சமன்பாடு, கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைக்குச் சற்று மேலே சங்கிலிகளின் வேகம் எவ்வளவு செங்குத்தாக மாறுகிறது என்பதைக் காட்டுகிறது. இதை நீலகிரியில் வைத்துப் பார்க்கலாம். மேட்டுப்பாளையம் மலையடிவாரத்தில் இருக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில். கீழே 30 டிகிரி இருக்கும் நேரத்தில் மேலே ஏறத்தாழ 18 டிகிரி இருக்கலாம். நிலைமாற்ற வெப்பநிலை 0 டிகிரியாக உள்ள ஒரு பிணைப்புப் பொருளை எடுத்து, சமன்பாட்டின் பொது மாறிலிகளைப் போட்டுக் கணக்கிட்டால், கீழே ஒரு மணி நேரத்தில் முடியும் விரவலுக்கு மேலே 80 மணி நேரம் வேண்டும். இரவில் சுவர் 5 டிகிரிக்கு இறங்கி அப்படியே நின்றால் கணக்கு 8 ஆண்டுகளைத் தாண்டிவிடுகிறது! உண்மைப் பெயிண்டில் மாறிலிகள் வேறுபடும், கரைப்பான்களும் உதவிக்கு வரும். ஆயினும் இரவில் விரவல் ஏறத்தாழ நின்றே போகும் என்பதில் ஐயமில்லை.

கண்ணுக்குத் தெரியாத இந்த நகர்வை நேரடியாக அளக்க வழி கண்டவர்களில் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் மிட்செல் வின்னிக் முக்கியமானவர். 1990 வாக்கில் அவரது குழு பாலிபியூட்டைல் மெத்தாக்ரிலேட் துகள்களில் ஒரு பங்குக்கு ஃபீனாந்த்ரீனையும் மறு பங்குக்கு ஆந்த்ரசீனையும் அடையாளமாக இணைத்தது. இரண்டும் மிக அருகே வந்தால் முதலாவது உறிஞ்சிய ஒளியாற்றல் இரண்டாவதற்குத் தாவும். படலத்தைச் சூடாக்கி வைத்து இந்தத் தாவல் வளர்வதை அளந்தபோது, துகள்கள் எவ்வளவு கலந்தன, எந்த வெப்பநிலையில் எத்தனை விரைவாக என்பது எண்ணாகக் கிடைத்தது. நிறமற்ற, பார்வைக்குக் குறையில்லாத படலத்துக்குள்ளும் துகள் எல்லைகள் கலையாமல் இருக்கக்கூடும் என்பதை அழுத்தமாக உணர்த்திய ஆய்வு இது.

நீலகிரியில் தொல்லை குளிரால் மட்டும் வருவதில்லை. தென்மேற்குப் பருவமழையில் உதகைப் பக்கமும், வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் ஈரம் மிகும். நீர் வெளியேறுவதே தாமதமாகும். டிசம்பர், ஜனவரியில் காற்று வறண்டு நீர் விரைவாகப் போனாலும், இரவில் உறைபனி விழும் அளவுக்குச் சுவர் குளிர்ந்துவிடும். இந்த இரண்டாவது நிலைதான் அதிகம் ஏமாற்றுகிறது: கை வைத்தால் காய்ந்திருக்கும், ஈரத்துணியால் தேய்த்தால் நிறம் வந்துவிடும். வடக்கு நோக்கிய, நிழல் விழும் சுவர்கள் இதற்கு முதல் பலி. மார்ச் முதல் மே வரை, காலை வெயில் சுவரில் ஏறிய பிறகு தொடங்கி, பிற்பகல் குளிர் இறங்குமுன் நிறுத்துவதே இங்கு அறிவியலுக்கு ஒத்த முறை. காய்ந்த சுவரை உடனே கழுவிப் பார்க்காமல், பல வெயில் நாள்கள் விட்டுவைக்க வேண்டும்.

எல்லாப் படலங்களும் குளிரை வெறுப்பதில்லை. உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் ஜெலட்டின் பூச்சை நம்பி இயங்கி வந்தது. சூடாகப் பூசிய ஜெலட்டின் குளிர்ந்தால்தான் கூழாக உறையும். அதன் சங்கிலிகள் குளிரில் ஒன்றையொன்று முறுக்கிப் பிடிக்கின்றன. லேட்டக்ஸின் வழி இதற்கு நேரெதிர்.

லேட்டக்ஸின் இந்தக் குளிர்ச் சிக்கலுக்குப் பெயிண்ட் ஆலைகள் கையாளும் தீர்வு, டெக்ஸனால் போன்ற மெல்ல ஆவியாகும் கரைப்பான்களைச் சேர்ப்பது. இவை சங்கிலிகளைத் தற்காலிகமாக இளக்கி, வேலை முடிந்ததும் வெளியேறுகின்றன. குளிரில் அந்த வெளியேற்றமும் மெதுவாகும். அதுவரை படலம் மென்மையாகவே இருக்கும். மலைக்கென்றே இளகிய பிணைப்புப் பொருளைத் தேர்ந்தால் விரவல் எளிதாகும், ஆனால் அதே வாளியைக் கோடையில் கோயம்புத்தூர்ச் சுவருக்கு அடித்தால் மேற்பரப்பு பிசுபிசுத்துப் புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.